ஜான் கேஜ்

ஜான் மில்டன் கேஜ் (செப்டம்பர் 5, 1912 – ஆகஸ்ட் 12, 1992) இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓர் அமெரிக்க இசையமைப்பாளரும் எழுத்தாளரும் ஆவார். சோதனை இசை எனப்படும் துறையின் முன்னோடிகளுள் முதன்மையானவராகக் கருதப்படுகிறார். ஆயத்தப் பியானோவை உருவாக்கியமை, இசையமைப்பில் தற்செயலைப் பயன்படுத்தியமை, காந்த நாடா இசையில் தொடக்ககாலச் சோதனைகளைச் செய்தமை ஆகியன இவரது முக்கியப் பங்களிப்புகள். கலைஞர் ஒருவர் எந்த ஒலியையும் எழுப்பாமல் நிகழ்த்தும் 4′33″ என்னும் ஆக்கத்தின் மூலம் இவர் பரவலாக அறியப்படுகிறார்.

மேலைச் செவ்வியல் இசை பல நூற்றாண்டுகளாக ஹார்மனி எனப்படும் ஒத்திசைவை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது. கேஜ் அதற்கு மாறாகக் கால அளவையே இசையின் அடித்தளமாகக் கொண்டார். ஒலிக்குச் சுருதி, ஒலியளவு, நாதத் தன்மை, கால அளவு என நான்கு பண்புகள் உண்டு. மௌனத்துக்கோ கால அளவு ஒன்று மட்டுமே உண்டு. ஆகவே ஒலி, மௌனம் ஆகிய இரண்டுக்கும் பொதுவான பண்பு காலமே என்பது இவரது வாதம். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் நீடித்த இவரது இசைப் பணியை, காலத்தைக் கட்டுதல், அளத்தல், பின்னர் அதனைத் தளர்த்திவிடுதல் எனப் படிப்படியாக வளர்ந்த ஒரே தேடலாகக் காண இயலும்.

இளமையும் கல்வியும்

கேஜ் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜான் மில்டன் கேஜ் (மூத்தவர்) ஒரு கண்டுபிடிப்பாளர். அவர் உருவாக்கிய நீர்மூழ்கிக் கப்பல் 13 மணி நேரம் நீருக்கடியில் தங்கிச் சாதனை படைத்தது. தாயார் லுக்ரீஷியா ஹார்வி இதழியலாளராகப் பணியாற்றியவர். கேஜ் சிறு வயதிலேயே பியானோ கற்கத் தொடங்கினார். எனினும் இசையமைப்பாளராவது அப்போது அவரது எண்ணமாக இருக்கவில்லை.

1927 ஆம் ஆண்டு, பள்ளி மாணவராக இருந்தபோது, ஹாலிவுட் பவுல் அரங்கில் நடைபெற்ற பேச்சுப் போட்டியொன்றில் வெற்றி பெற்றார். அமெரிக்கா முழுவதும் ஒரு நாள் தன் இயக்கங்களை நிறுத்தி அமைதியாயிருந்தால் பிறர் நினைப்பதைக் கேட்க இயலும் என்பது அப்பேச்சின் சாரம். மௌனம் பற்றிய அவரது ஈடுபாட்டின் முதற்சுவடாக இது பின்னாளில் சுட்டிக்காட்டப்பட்டது.

1928 இல் கிளேர்மாண்ட் நகரிலுள்ள பொமோனா கல்லூரியில் சேர்ந்தார். வகுப்பு மாணவர் பலரும் நூலகத்தில் ஒரே நூலின் படிகளைப் படித்துக் கொண்டிருப்பதைக் கண்டு வியப்புற்ற கேஜ், தாம் மட்டும் ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்தில் பெயர் தொடங்கும் ஆசிரியர் ஒருவரின் நூலை எடுத்துப் படித்தார். தேர்வில் அவருக்கே மிக உயர்ந்த மதிப்பெண் கிடைத்தது. கல்லூரி சரியான முறையில் நடத்தப்படவில்லை என்ற முடிவுக்கு வந்த அவர் 1930 இல் படிப்பைக் கைவிட்டு ஐரோப்பா சென்றார். பாரிசில் கட்டடக் கலையும் பியானோவும் பயின்றார். எசுப்பானியாவின் மயோர்க்கா தீவில் தமது முதல் இசையாக்கங்களை எழுதினார். 1931 இல் நாடு திரும்பினார்.

ஷோன்பெர்க்கிடம் பயிற்சி

நாடு திரும்பியபின் ரிச்சர்ட் பூலிக், ஹென்றி கவல், அடால்ஃப் வைஸ் ஆகியோரிடம் இசை பயின்ற கேஜ், பின்னர் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் மாணவரானார். ஆஸ்திரியாவில் பிறந்து நாசி ஆட்சியின் காரணமாக அமெரிக்காவில் குடியேறியிருந்த ஷோன்பெர்க், அக்காலத்தின் மிகப் பெரிய இசை ஆசான்களுள் ஒருவர். கட்டணம் செலுத்த வசதியில்லாத கேஜிடம், வாழ்நாளை இசைக்கே அர்ப்பணிப்பதாக உறுதி பெற்றுக்கொண்டு அவர் இலவசமாகக் கற்பித்தார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், கேஜிடம் ஒத்திசைவு உணர்வு இல்லை என்பது இருவருக்கும் தெளிவாயிற்று. அவ்வுணர்வு இல்லாதவன் இசையமைக்க முற்பட்டால் கடக்க முடியாத ஒரு சுவரை எதிர்கொள்வான் என ஷோன்பெர்க் எச்சரித்தார். அவ்வாறாயின் அச்சுவரில் தலையை மோதிக்கொண்டே வாழ்நாளைக் கழிப்பேன் எனக் கேஜ் விடையளித்தார். ஒத்திசைவின் துணையின்றி நீண்ட இசையாக்கமொன்றை எவ்வாறு தாங்கி நிறுத்துவது என்ற வினாவே இதன்பின் அவரது பணியின் மையமாக அமைந்தது. பிற்காலத்தில் ஷோன்பெர்க் கேஜைப் பற்றி, அவர் இசையமைப்பாளர் அல்லர், ஆனால் மேதைமை மிக்க கண்டுபிடிப்பாளர் எனக் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

1935 இல் கேஜ் அலாஸ்காவைச் சேர்ந்த உருசிய மரபுவழித் திருச்சபைக் குருவின் மகளான செனியா கஷெவரோஃப் என்பவரை மணந்தார். 1945 இல் இருவரும் பிரிந்தனர்.

தாள இசையும் கால அளவுக் கட்டமைப்பும்

1938 இல் சியாட்டில் நகரின் கோர்னிஷ் பள்ளியில் நடன வகுப்புகளுக்கு இசைவழங்குநராகக் கேஜ் சேர்ந்தார். அங்கே தாள இசைக் குழுவொன்றை அமைத்தார். வாகனங்களின் தடை உருளைகள், தகரத் தகடுகள் போன்ற பொருட்களும் அதில் இசைக்கருவிகளாயின. இத்தகைய ஒலிகளுக்குத் திட்டமான சுருதி கிடையாது. ஆகவே ஒத்திசைவு விதிகள் அவற்றுக்குப் பொருந்தா. எந்த ஒலிக்கும், ஒலியின்மைக்கும் பொருந்தக்கூடிய ஒரு கட்டமைப்பு தேவைப்பட்டது.

1939 இல் எழுதிய ஃபர்ஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற ஆக்கத்தில் இதற்கு ஒரு தீர்வைக் கண்டார். இந்த ஆக்கத்தின் அடிப்படை எண் 16. மேலை இசையின் தாள அலகான அளவைகள் பதினாறு கொண்ட பகுதிகள் பதினாறு அதில் உள்ளன. அவை மொத்தம் 256 அளவைகள். இறுதியில் ஒரு சிறு முடிவுரைப் பகுதி சேர்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியும் 4, 3, 2, 3, 4 என்ற விகிதத்தில் பிரிக்கப்பட்டுள்ளது. முழு ஆக்கத்தின் பெரும் பிரிவுகளும் அதே விகிதத்தில் அமைந்துள்ளன. சிறு பகுதியின் அமைப்பே முழுமையின் அமைப்பாகவும் இருப்பதால் இது வர்க்கமூல வடிவம் எனவும் அழைக்கப்படுகிறது. ஒரு கட்டடத்தின் சட்டகத்தைப் போல, காலம் முதலில் வகுக்கப்பட்டு, ஒலிகள் பின்னர் அதனுள் வைக்கப்படுகின்றன. சட்டகத்தின் ஓர் அறை காலியாக இருந்தாலும் அது குலையாது.

இந்திய இசையின் தாள அமைப்புடன் இம்முறை ஒப்பிடப்படுவதுண்டு. எனினும் இந்திய இசையைப் பற்றி அறிந்துகொள்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே கேஜ் இதனை உருவாக்கிவிட்டார்.

கோர்னிஷ் பள்ளியிலேயே நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்காமைக் கேஜ் சந்தித்தார். பிற்காலத்தில் இவர்கள் கலையில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் துணைவராயினர். இவர்களது நிகழ்ச்சிகளில் இசையும் நடனமும் தனித்தனியே உருவாக்கப்பட்டன. ஒன்று மற்றொன்றைப் பின்பற்றவில்லை. இரண்டுக்கும் பொதுவாயிருந்தது நிகழ்ச்சியின் மொத்தக் கால அளவு மட்டுமே. 1953 இல் தொடங்கப்பட்ட கன்னிங்காமின் நடனக் குழுவுக்குக் கேஜ் தம் இறுதிக்காலம் வரை இசை இயக்குநராக விளங்கினார்.

ஆயத்தப் பியானோ

1940 இல் நடனக் கலைஞர் சிவில்லா ஃபோர்ட்டின் பக்கனால் என்ற நடனத்துக்கு இசை தேவைப்பட்டது. மேடை சிறியதாக இருந்ததால் தாளக் கருவிகளை வைக்க இடமில்லை. ஒரு பியானோவுக்கு மட்டுமே இடமிருந்தது. கேஜ் அப்பியானோவின் கம்பிகளுக்கிடையே திருகாணிகளையும் பிற சிறு பொருட்களையும் செருகினார். ஒரே கலைஞரின் கைக்குள் ஒரு முழுத் தாள இசைக் குழு அடங்கிற்று. இதுவே ஆயத்தப் பியானோ எனப் பெயர் பெற்றது. செருகப்படும் பொருளைப் பொறுத்து ஒவ்வொரு கட்டையின் ஒலியும் மணி, முரசு, மரத்தட்டு போன்றவற்றின் ஒலியை ஒத்து மாறும்.

1942 இல் கேஜ் நியூயார்க் நகரில் குடியேறினார். 1943 பெப்ரவரியில் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவர் நடத்திய தாள இசைக் கச்சேரி பரவலான கவனத்தைப் பெற்றது.

நெருக்கடியும் இந்தியச் சிந்தனையின் தாக்கமும்

1940களின் நடுப்பகுதியில் கேஜின் மணவாழ்வு முறிந்துகொண்டிருந்தது. 1944 இல் அரங்கேறிய தி பெரிலஸ் நைட் என்ற ஆயத்தப் பியானோ ஆக்கத்தில், காதல் துயரில் முடியும்போது உண்டாகும் தனிமையையும் அச்சத்தையும் அவர் வெளிப்படுத்த முயன்றார். ஆனால் விமர்சகர் ஒருவருக்கு அது தேவாலய மணிக்கூண்டில் மரங்கொத்தி கொத்துவதைப் போலிருந்தது. துயரமாக எழுதினால் கேட்போர் சிரிக்கின்றனர் என்பதைக் கண்ட கேஜ், உணர்ச்சியை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கடத்துவது இசையின் பணியாக இருக்க முடியாது என எண்ணத் தொடங்கினார். இசையமைப்பதற்கு வேறொரு நல்ல காரணம் கிடைக்காவிடில் அத்தொழிலையே விட்டுவிடுவதென முடிவு செய்தார். உளப்பகுப்பாய்வாளர் ஒருவரை நாடியபோது, சிகிச்சைக்குப் பின் இன்னும் அதிகமாக இசை எழுத இயலும் என அவர் உறுதியளித்தார். இப்போதே அளவுக்கு மீறி எழுதுவதாகக் கருதிய கேஜ் அங்கே மீண்டும் செல்லவில்லை.

1946 இல் அகமதாபாத்தைச் சேர்ந்த கீதா சாராபாய் நியூயார்க் வந்தார். அறிவியலாளர் விக்கிரம் சாராபாயின் சகோதரியான இவர் ஓர் இசைக்கலைஞர். மேலை இசை இந்திய இசையில் ஏற்படுத்திவரும் தாக்கத்தைக் கண்டு கவலையுற்று, அம்மேலை இசையை முதலில் அறிந்துகொள்ளும் நோக்குடன் அவர் வந்திருந்தார். கேஜ் அவருக்கு எதிரிசை இலக்கணத்தையும் சமகால இசையையும் கற்பித்தார். அதற்கு ஈடாகக் கீதா இந்திய இசையைக் கற்பித்தார். இசையின் நோக்கம் யாது எனத் தம் ஆசிரியர் கூறினார் என்று கேஜ் வினவியபோது, மனத்தை அமைதிப்படுத்தித் தெளிவாக்கி, இறைமையின் தாக்கத்துக்கு அதனை உகந்ததாக்குவதே என அவர் விடையளித்தார். பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில இசை நூலொன்றிலும் ஏறத்தாழ இதே கருத்து இருப்பதை நண்பரான இசையமைப்பாளர் லூ ஹாரிசன் கண்டறிந்து தெரிவித்தார். கேஜ் தேடிக்கொண்டிருந்த காரணம் இவ்வாறு கிடைத்தது. கீதா இந்தியா திரும்பும்போது இராமகிருஷ்ண பரமஹம்சரின் உரையாடல்கள் அடங்கிய நூலை அவருக்கு அன்பளிப்பாக வழங்கினார்.

இதே காலத்தில் ஆனந்த குமாரசுவாமியின் நூல்களையும் கேஜ் ஆழ்ந்து படித்தார். கொழும்பில் சர் முத்து குமாரசுவாமியின் மகனாகப் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய குமாரசுவாமி, கலையின் பணி இயற்கையின் தோற்றத்தைப் படியெடுப்பதன்று, இயற்கை இயங்கும் முறையைப் பின்பற்றுவதே என விளக்கியிருந்தார். இக்கருத்தைக் கேஜ் தம் வாழ்நாள் முழுவதும் எடுத்தாண்டார்.

1946 முதல் 1948 வரை எழுதப்பட்ட சொனாட்டாக்களும் இடையிசைகளும் என்ற தொகுப்பு இச்சிந்தனையின் விளைவாகும். 16 சொனாட்டாக்களும் 4 இடையிசைகளும் கொண்ட இதனை வாசிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். இதற்காகப் பியானோவின் 45 சுரங்களுக்குரிய கம்பிகள் ஆயத்தம் செய்யப்படுகின்றன. இந்திய அழகியல் கூறும் எண்வகைச் சுவைகளையும், அவை அனைத்தும் நாடிச் சேரும் அமைதிச் சுவையையும் இவ்வாக்கம் வெளிப்படுத்த முயல்கிறது. 1947 இல் எழுதிய தி சீசன்ஸ் என்ற பாலே இசை, பருவங்களைப் படைத்தல், காத்தல், அழித்தல், ஒடுங்கல் ஆகிய நிலைகளாகக் காணும் இந்தியக் கருத்தை அடிப்படையாகக் கொண்டது.

1948 இல் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் ஆற்றிய உரையொன்றில், இசையை ஒத்திசைவின் மீது கட்டிய பீத்தோவன் தவறிழைத்தார் என்றும், கால அளவின் மீது கட்டிய எரிக் சட்டீ, அன்டன் வேபர்ன் ஆகியோரே சரியான வழியில் சென்றனர் என்றும் கேஜ் கூறினார். இவ்வுரை கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

தற்செயல் முறை

1950 வாக்கில் மோர்ட்டன் ஃபெல்ட்மன், கிறிஸ்டியன் வுல்ஃப், ஏர்ல் பிரவுன் ஆகிய இசையமைப்பாளர்களும் பியானோக் கலைஞர் டேவிட் டியூடரும் கேஜைச் சுற்றி அணிதிரண்டனர். இக்குழு நியூயார்க் பள்ளி என அழைக்கப்படுகிறது. ஜப்பானிய அறிஞர் டி. டி. சுசுகி கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகள் வாயிலாகக் கேஜ் சென் பௌத்தத்தை அறிந்தார்.

பண்டைய சீன நூலான ஈ சிங்கின் ஆங்கில மொழிபெயர்ப்பை வுல்ஃப் அவருக்கு அளித்தார். மூன்று நாணயங்களை ஆறு முறை சுண்டி, 64 குறிகளுள் ஒன்றைப் பெறுவது அந்நூலின் முறை. கேஜ் 64 கட்டங்கள் கொண்ட அட்டவணைகளை வரைந்து, எந்த ஒலி, எவ்வளவு நேரம், எவ்வளவு ஒலியளவில் என்பவற்றை நாணயங்களைக் கொண்டே தீர்மானித்தார். ஒலி அட்டவணையின் கட்டங்களில் பாதி மௌனத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இவ்வாறு 1951 இல் உருவான மியூசிக் ஆஃப் சேஞ்சஸ் என்ற பியானோ ஆக்கத்தை 1952 ஜனவரி 1 அன்று டியூடர் முழுமையாக வாசித்தார். இதில் தாளில் உள்ள இடைவெளியே நேரத்தைக் குறிக்கிறது. இரண்டரை சென்டிமீட்டர் நீளம் ஒரு கால் சுரத்துக்குச் சமம்.

தற்செயலை நாடியதன் நோக்கம் ஒழுங்கின்மையன்று. தமது விருப்பு வெறுப்புகளும் நினைவும் இசையினுள் புகாமல் தடுப்பதே கேஜின் நோக்கமாயிருந்தது. இம்முறை மிகுந்த உழைப்பையும் கட்டுப்பாட்டையும் வேண்டியது.

1951 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 12 வானொலிப் பெட்டிகளுக்கான ஆக்கமொன்று அரங்கேறியது. 24 பேர் அதனை இயக்கினர். ஒவ்வொரு பெட்டியிலும் ஒருவர் அலைவரிசையையும் மற்றவர் ஒலியளவையும் மாற்றினர். நிகழ்ச்சி நள்ளிரவை நெருங்கியபோதே இது தொடங்கியதால் பல நிலையங்கள் ஒலிபரப்பை முடித்துக்கொண்டிருந்தன. விளைவாகப் பெரும்பகுதி மௌனமாகவே கழிந்தது.

காந்த நாடா

1952 இல் காந்த நாடாவைக் கொண்டு வில்லியம்ஸ் மிக்ஸ் என்ற ஆக்கத்தைக் கேஜ் தொடங்கினார். நாடா நொடிக்கு 15 அங்குல வேகத்தில் ஓடியது. எனவே 15 அங்குலம் என்பது ஒரு நொடி. நேரத்தை அளவுகோலால் அளந்து கத்தரியால் வெட்ட முடிந்தது. 192 பக்கங்கள் கொண்ட இதன் இசைக்குறிப்பு, தையற்காரர் துணியின் மேல் வைத்து வெட்டும் மாதிரித் தாளைப் போன்றது. நண்பர்கள் பலர் கூடி மாதக்கணக்கில் நாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டியும், முடிவில் கிடைத்தது நாலேகால் நிமிட அளவிலான இசையே. நேரம் என்பது எண்ணிக் கணக்கிடும் தாளமன்று, அளந்து பார்க்கும் ஒரு வெளி என்ற எண்ணம் இப்பணியின் வாயிலாக அவரிடம் உறுதிப்பட்டது. இதன்பின் அவரது பல ஆக்கங்கள் 34′46.776″, 26′1.1499″ எனத் தத்தம் கால அளவையே தலைப்பாகப் பெற்றன.

4′33″

கேஜின் மிகவும் அறியப்பட்ட ஆக்கம் 4′33″ ஆகும். இதற்கான எண்ணம் 1948 ஆம் ஆண்டிலேயே தோன்றியிருந்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசை வழங்கும் நிறுவனத்துக்கு மூன்று முதல் நான்கரை நிமிட மௌனத்தை விற்க விரும்புவதாக அவர் அப்போது ஓர் உரையில் கூறினார்.

1951 வாக்கில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் எதிரொலியற்ற அறைக்குக் கேஜ் சென்றார். முழு நிசப்தத்தை எதிர்பார்த்த அவருக்கு உயர்ந்த ஒலியொன்றும் தாழ்ந்த ஒலியொன்றும் கேட்டன. உயர்ந்தது நரம்பு மண்டலத்தின் ஒலி, தாழ்ந்தது குருதியோட்டத்தின் ஒலி என அங்கிருந்த பொறியாளர் விளக்கினார். உயர்ந்த ஒலி பற்றிய விளக்கத்தைப் பிற்காலத்தவர் ஐயுற்றுள்ளனர். செவியிரைச்சலாக அது இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. எவ்வாறாயினும் உயிருள்ளவரை தம்மைச் சுற்றி ஒலி இருந்தே தீரும் என்பதைக் கேஜ் உணர்ந்தார். மௌனம் என்பது ஒலியின்மை அன்று. ஒருவர் வேண்டுமென்று எழுப்பாத ஒலிகளின் தொகுதியே மௌனம் என அவர் வரையறுத்தார். நண்பர் ராபர்ட் ரௌஷன்பெர்க் வரைந்த, வெண்ணிறம் மட்டுமே பூசப்பட்ட ஓவியங்கள் இதனை எழுதிவிடும் துணிவை அவருக்குத் தந்தன.

1952 ஆகஸ்ட் 29 அன்று நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக் அருகே, காட்டினுள் அமைந்த மேவரிக் இசையரங்கில் டேவிட் டியூடர் இதனை முதன்முறையாக நிகழ்த்தினார். அவர் பியானோவின் முன் அமர்ந்து, கட்டைகளின் மூடியை மூடி, நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி இசைக்குறிப்பின் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மூடியைத் திறந்தார். ஆக்கத்தின் மூன்று பகுதிகளும் அச்சிடப்பட்ட பதிப்பில் 33 நொடி, 2 நிமிடம் 40 நொடி, 1 நிமிடம் 20 நொடி எனவும், அன்றைய நிகழ்ச்சி நிரலில் 30 நொடி, 2 நிமிடம் 23 நொடி, 1 நிமிடம் 40 நொடி எனவும் குறிக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் கூட்டுத்தொகை 273 நொடிகளே. முதற் பகுதியில் மரங்களிடையே வீசிய காற்றும், இரண்டாவதில் கூரைமேல் விழுந்த மழைத்துளிகளும், மூன்றாவதில் அவையோர் முணுமுணுத்துக்கொண்டு வெளியேறிய ஓசையும் கேட்டன எனக் கேஜ் பின்னர் நினைவுகூர்ந்தார்.

அவையினர் பலர் சினமுற்றனர். மகன் இம்முறை எல்லை மீறிவிட்டானோ எனக் கேஜின் தாயாரே ஏர்ல் பிரவுனிடம் வினவினார். இது விளையாட்டாக எழுதப்பட்டதன்று என்பதைக் கேஜ் தொடர்ந்து வலியுறுத்தினார். சிறு சிறு மௌனங்களின் கால அளவுகளைத் தற்செயல் முறையில் ஒவ்வொன்றாகத் தேர்ந்து கூட்டியே இதனை அவர் எழுதினார். 1939 இல் வகுத்த சட்டகத்தில் எல்லா அறைகளையும் காலியாக விட்டால் எஞ்சுவது இதுவே எனலாம். இசையமைப்பாளர் தருவது தொடக்கமும் முடிவும் மட்டுமே. இடைப்பட்ட நேரத்தைக் கேட்பவரே அனுபவிக்க வேண்டும்.

கால அளவின் தளர்வு

1952 கோடையில் பிளாக் மவுண்டன் கல்லூரியில் கேஜ் ஒருங்கிணைத்த நிகழ்ச்சியொன்றில் உரை, கவிதை, நடனம், ஓவியம், பியானோ ஆகியன ஒரே இடத்தில் நிகழ்ந்தன. ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட நேர இடைவெளிகள் மட்டுமே தரப்பட்டன. அவற்றுள் என்ன செய்வதென்பது அவரவர் விருப்பம். ஹாப்பனிங் எனப்படும் கலை வடிவத்தின் முன்னோடியாக இது கருதப்படுகிறது.

1958 மே மாதம் நியூயார்க்கின் டவுன் ஹாலில் கேஜின் 25 ஆண்டு இசைப் பணியைக் கொண்டாடும் கச்சேரி நடைபெற்றது. அதில் அரங்கேறிய பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான கச்சேரி இசையில் நடத்துநர் தாளம் காட்டுவதில்லை. கடிகார முட்களைப் போலத் தம் கைகளைச் சுழற்றுகிறார். ஆனால் இக்கடிகாரம் சீரானதன்று. அது விரைந்தும் மெதுவாகவும் சுழலக் கூடியது.

விண்மீன் வரைபடங்களின் மேல் இசைக்கோடுகளை வைத்து எழுதிய அட்லஸ் எக்ளிப்டிகாலிஸ் என்ற ஆக்கத்தை 1964 பெப்ரவரியில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்தது. அவையினரில் பலர் வெளியேறினர். இசைக்கலைஞர் சிலர் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுத்தனர். இது கேஜை வருத்தியது. பிறருக்குச் சுதந்திரம் அளிக்கும்போது அவர்கள் அதனைப் பொறுப்புடன் ஏற்கும்படி செய்வது எவ்வாறு என்ற வினா அதன்பின் அவரை விட்டு அகலவில்லை.

1963 செப்டம்பரில், எரிக் சட்டீயின் வெக்சேஷன்ஸ் என்ற சிறு பியானோ ஆக்கத்தை, அதன் குறிப்பில் கண்டுள்ளபடி 840 முறை தொடர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சியைக் கேஜ் நியூயார்க்கில் நடத்தினார். பியானோக் கலைஞர்கள் முறைவைத்து வாசித்தனர். நிகழ்ச்சி 18 மணி 40 நிமிடம் நீடித்தது. நுழைவுக் கட்டணம் 5 டாலர். அவையில் தங்கியிருந்த ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் 5 சென்ட் திருப்பித் தரப்பட்டது. மறுநாள் உலகமே தமக்குப் புதிதாகத் தோன்றியது எனக் கேஜ் பின்னர் குறிப்பிட்டார்.

எழுத்தும் பிற ஈடுபாடுகளும்

1961 இல் வெளியான சைலன்ஸ் என்னும் கட்டுரைத் தொகுப்பு கேஜின் கருத்துகளை உலகெங்கும் பரப்பியது. அவரது உரைகள் சில இசையாக்கங்களைப் போன்றே கால அளவுக் கட்டமைப்புடன் எழுதப்பட்டவை. 45 நிமிட உரையொன்றில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நொடிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. 1950களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் நியூ ஸ்கூலில் அவர் நடத்திய வகுப்புகளில் ஆலன் கேப்ரோ, ஜார்ஜ் பிரெக்ட் முதலானோர் பயின்றனர். பின்னாளில் ஃப்ளக்சஸ் கலை இயக்கம் உருவாக இவ்வகுப்புகள் வழிவகுத்தன.

கேஜ் காளான்களை இனங்காண்பதில் வல்லவராக விளங்கினார். 1959 இல் இத்தாலியத் தொலைக்காட்சி வினாடிவினாப் போட்டியொன்றில் காளான்கள் பற்றிய வினாக்களுக்கு விடையளித்து ஐந்து மில்லியன் லிரா பரிசு வென்றார். 1962 இல் நியூயார்க் காளானியல் கழகத்தை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர்.

எண் படைப்புகளும் இறுதிக் காலமும்

1987 முதல் மறைவு வரை கேஜ் எழுதிய ஏறத்தாழ நாற்பது ஆக்கங்கள் எண் படைப்புகள் எனப்படுகின்றன. வாசிப்போரின் எண்ணிக்கையே ஒவ்வொன்றின் தலைப்பாகும். இவற்றுள் பெரும்பாலானவை நேர அடைப்புகளால் ஆனவை. எடுத்துக்காட்டாக, ஒரு சுரம் 0′00″ முதல் 0′45″ வரையுள்ள ஏதேனும் ஒரு நொடியில் தொடங்கி, 0′30″ முதல் 1′15″ வரையுள்ள ஏதேனும் ஒரு நொடியில் முடியலாம். சரியான கணத்தை வாசிப்பவரே தேர்ந்தெடுக்கிறார். சட்டகம் உண்டு, ஆனால் அதன் சுவர்கள் நகரக்கூடியவை. ஒருவர் மற்றவரை முந்தவோ தொடரவோ தேவையில்லை. நீண்ட சுரங்கள் ஒன்றன்மீதொன்று மெல்லப் படிந்து பின் விலகுகின்றன.

இவ்வாறு எதிர்பாராமல் ஒன்றுசேரும் சுரங்களிடையே ஒத்திசைவு பிறப்பதைக் கேஜ் கண்டார். விதிகளற்ற, எவரும் திட்டமிடாத ஒத்திசைவு அது. ஒலிகள் ஒரே வெளியில் ஒன்றுக்கொன்று இடையூறின்றிச் சேர்ந்திருப்பதே போதும் என அவர் கருதினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஷோன்பெர்க் சுட்டிய சுவரை மோதி உடைக்காமலே அவர் கடந்துவிட்டார் எனலாம்.

இக்காலத்தில் அவர் மூட்டு வாதத்தால் துன்புற்றார். நியூயார்க்கின் ஆறாவது அவென்யூவை நோக்கிய அவரது வீட்டில் போக்குவரத்தின் இரைச்சல் ஓயாது கேட்கும். அதனை அவர் விரும்பிக் கேட்டுவந்தார். 1988–89 ஆம் கல்வியாண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நார்ட்டன் விரிவுரைகளை ஆற்றினார். 1989 இல் ஜப்பானின் கியோட்டோ பரிசைப் பெற்றார். 1992 ஆகஸ்ட் 11 அன்று பக்கவாதத்தால் தாக்கப்பட்டு மறுநாள் நியூயார்க்கில் காலமானார். 80 ஆம் பிறந்த நாளுக்கு அப்போது சில வாரங்களே எஞ்சியிருந்தன. அவரது சாம்பல், பெற்றோரின் சாம்பலைத் தாம் தூவிய ராமபோ மலைப்பகுதியிலேயே தூவப்பட்டது.

ஹல்பர்ஸ்டட் நிகழ்ச்சி

1985 இல் பியானோவுக்காக எழுதி, 1987 இல் ஆர்கன் இசைக்கருவிக்காக மாற்றியமைத்த ஓர் ஆக்கத்துக்கு, இயன்ற அளவு மெதுவாக என்ற பொருள் தரும் தலைப்பைக் கேஜ் சூட்டினார். எவ்வளவு மெதுவாக என்பதை அவர் வரையறுக்கவில்லை. பியானோவின் ஒலி தானே தேய்ந்து மறையும். ஆர்கனோ காற்று உள்ளவரை ஒலிக்கும். ஆகவே இதற்கு எல்லையே இல்லை என்பதை அவரது மறைவுக்குப் பின் இசைக்கலைஞர்களும் இறையியலாளர்களும் கூடி விவாதித்தனர். செருமனியின் ஹல்பர்ஸ்டட் நகரில் 1361 ஆம் ஆண்டு புகழ்பெற்ற ஆர்கன் ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. 2000 ஆம் ஆண்டு வரை கழிந்த 639 ஆண்டுகளையே ஆக்கத்தின் கால அளவாகக் கொள்ள முடிவாயிற்று.

கேஜின் பிறந்த நாளான செப்டம்பர் 5 அன்று, 2001 ஆம் ஆண்டில், அந்நகரின் புனித புர்க்கார்டி தேவாலயத்தில் இந்நிகழ்ச்சி தொடங்கியது. ஆக்கம் மௌனத்துடன் தொடங்குவதால் முதல் 17 மாதங்கள் துருத்தியின் காற்றொலி மட்டுமே கேட்டது. முதல் சுரங்கள் 2003 பெப்ரவரி 5 அன்று ஒலித்தன. சுரம் மாறும் நாளில் பல நாடுகளிலிருந்தும் மக்கள் அங்கே கூடுகின்றனர். 2013 அக்டோபரில் மாறிய சுரக்கூட்டு 2020 செப்டம்பர் வரை ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இடைவிடாது ஒலித்தது. நிகழ்ச்சி 2640 ஆம் ஆண்டு முடிவடைய வேண்டும். தொடக்கத்தைக் கேட்ட எவரும் முடிவைக் கேட்கப் போவதில்லை.

விமர்சனங்கள்

கேஜுடன் நெருங்கிய நட்புக் கொண்டிருந்த பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் பூலே, தற்செயலிடம் முடிவை ஒப்படைப்பது இசையமைப்பாளர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும் என 1957 இல் எழுதினார். இத்தாலிய இசையமைப்பாளர் லூயிஜி நோனோ, கேஜின் வழி வரலாற்றையும் சமூகத்தையும் புறக்கணிக்கிறது என 1959 இல் குற்றஞ்சாட்டினார். கேஜின் கருத்துகள் சிறப்பானவை, ஆனால் இசை கேட்கத் தகுந்ததன்று என்போரும் உளர். இதற்கு மாறாக, ஆயத்தப் பியானோ ஆக்கங்களும் இறுதிக்கால எண் படைப்புகளும் இசைத்தட்டுகள் வாயிலாகப் பரவிய பின், அவற்றைக் கோட்பாட்டின் துணையின்றியே சுவைப்போர் பெருகினர்.

தாக்கம்

மோர்ட்டன் ஃபெல்ட்மன் 1983 இல் எழுதிய இரண்டாம் நாற்கம்பி இசை ஆறு மணி நேரம் வரை நீடிக்கக் கூடியது. சிறும இசையின் முன்னோடிகளான லா மான்ட் யங் போன்றோரும், சூழல் ஒலிகளைப் பதிந்து இசையாக்குவோரும் கேஜ் திறந்த வழியிலேயே சென்றனர். ஓவியம், நடனம், நாடகம் ஆகிய துறைகளிலும் இவரது தாக்கம் காணப்படுகிறது.

முக்கியப் படைப்புகள்

ஃபர்ஸ்ட் கன்ஸ்ட்ரக்‌ஷன் (1939)
பக்கனால் (1940)
தி பெரிலஸ் நைட் (1943–44)
சொனாட்டாக்களும் இடையிசைகளும் (1946–48)
மியூசிக் ஆஃப் சேஞ்சஸ் (1951)
4′33″ (1952)
வில்லியம்ஸ் மிக்ஸ் (1952–53)
பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமான கச்சேரி இசை (1957–58)
அட்லஸ் எக்ளிப்டிகாலிஸ் (1961–62)
எண் படைப்புகள் (1987–92)

இவற்றையும் பார்க்க

ஆர்னால்ட் ஷோன்பெர்க்
எரிக் சட்டீ
ஆனந்த குமாரசுவாமி
மெர்ஸ் கன்னிங்காம்